ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவுல

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடிக்காரன், முப்பது வருஷம் பேண்டு செட்ல இப்போனியம்ங்கிற பித்தளை ஊது வாத்தியம் வாசிச்சேன், இப்ப கொஞ்ச வருஷமா வாசிக்கிறதை விட மத்தவங்க வாத்தியத்தை ரிப்பேர் பாக்குறதுதான் ஜாஸ்தி. இன்னிக்கு ஒரே ஒரு வாத்தியத்தை பத்தி மட்டும் பேசப் போறேன்.

கானாடுகாத்தான் பக்கத்துலேருந்து ஒரு ஆச்சி போன் பண்ணாங்க. "தம்பி, எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்த ஊதுற சாமான் ஒண்ணு ரெண்டாங்கட்டுல கெடக்கு, பழைய சாமான் எடுக்குறவர் எடைக்கு கேக்குறாரு, ஒரு தடவையாச்சும் அது சத்தத்தை கேக்காம குடுக்க எனக்கு மனசு வரலை"ன்னாங்க. நான் ஏதோ டிரம்பெட்டா இருக்கும்னு டிவிஎஸ் வண்டியில போயிட்டேன். போய் பாத்தா அண்டா குண்டானுக்கு பின்னாடி, கிட்டத்தட்ட நாலடி உசரத்துல, வாய் மட்டும் இருபது அங்குல அகலத்துல, ஒரு ராட்சச பேஸ், அதாவது பேண்டுல அடிச்சுரம் வாசிக்கிற ஊது வாத்தியம். தூக்க ரெண்டு பேர் வேணும். அன்னிக்கு ஒரு மினி லாரி பிடிச்சு, பழைய மெத்தையை விரிச்சு அதுல படுக்க வச்சு கொண்டாந்தோம்.

பொதுவா ஜனங்க டூபான்னு சொல்ற குடும்பம் இது. 1835ல பெர்லின்ல காப்புரிமை வாங்குன வாத்தியம், அதுக்கப்புறம் மிலிட்டரி பேண்டு வழியா உலகம் பூரா போச்சு. வெள்ளைக்காரன் பேண்டு நம்ம ஊருக்கு வந்ததும் புதுசு இல்ல, முத்துசுவாமி தீட்சிதரே அந்த மெட்டைக் கேட்டுத்தான் நோட்டு ஸ்வரம் பண்ணாரு. சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த பேஸோட வாய்க்கு கீழ எழுத்து வெட்டியிருந்துச்சு, களிம்பை மெதுவா தொடச்சா 'பூசி அண்ட் கோ, ரீஜென்ட் ஸ்ட்ரீட், லண்டன்'னு தெரிஞ்சுது. 1930ல பூசி, ஹாக்ஸ்னு ரெண்டு வாத்தியக் கம்பெனியும் ஒண்ணா சேந்து பேரை மாத்திட்டாங்க, இதுல ஹாக்ஸ் பேரே இல்ல, அப்ப அதுக்கு முந்தி செஞ்சதுன்னு அந்த ஒரு வரியிலயே தெரிஞ்சு போச்சு. அதனாலதான் சொல்றேன், அந்த எழுத்து இருக்குற எடத்துல புளியும் செங்கப்பொடியும் போட்டு தேய்ச்சுராதீங்க, நம்ம வீட்டு குத்துவிளக்குக்கு அது சரி, இதோட தகடு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், நாலு தீபாவளிக்கு தேய்ச்சா எழுத்து போயிரும்.

பாத்தவங்க எல்லாரும் சொன்னது "எவ்வளவு சொட்டை விழுந்திருக்கு பாருங்க"ன்னுதான். சொட்டை கண்ணுக்கு அசிங்கமா இருக்கும், ஆனா பெரிய குழாய்ல லேசான சொட்டை இருந்தா சத்தத்துக்கு ஒண்ணும் பெருசா ஆகாது. வாத்தியத்தை கொல்றது ரெண்டே விஷயம், காத்து ஒழுகுறதும், சுரம் மாத்த விரலால அமுக்குற வால்வு சிக்குறதும். நான் எந்த வாத்தியத்தை எடுத்தாலும் மொதல்ல அது ரெண்டைத்தான் பாப்பேன், பளபளப்பெல்லாம் கடைசி.

வால்வு மூணும் இறுகிப் போயிருந்துச்சு. யாரோ முன்னாடி பைப் ரிஞ்ச் போட்டு திருகிப் பாத்திருக்காங்க, மூடியில பல்லுப்பட்ட தடம் அப்படியே இருந்துச்சு, அதைப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. மண்ணெண்ணெய் ஊத்தி அஞ்சு நாள் வச்சேன், தெனமும் ரெண்டு தடவை மரச்சுத்தியால மூடி ஓரத்துல செல்லமா தட்டுவேன், ஆறாவது நாள் ரெண்டாவது பிஸ்டன் 'ப்ளக்'னு எறங்குச்சு பாருங்க, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. வெளிய எடுத்தா ஒவ்வொண்ணுலயும் நம்பர் வெட்டியிருக்கும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு, அதை மாத்திப் போட்டா காத்து போகாது, தயவு செஞ்சு கலந்துராதீங்க.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. 1874ல பூசி கம்பெனியிலயே இருந்த பிளைக்லின்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச ஏற்பாடு. ரெண்டு மூணு வால்வை சேத்து அமுக்குனா குழாய் நீளம் கொஞ்சம் பத்தாது, சுருதி மேல ஏறிரும், அதுக்காக மூணாவது வால்வை அமுக்குனதும் காத்து திரும்பி வந்து ஒண்ணு ரெண்டு வால்வுக்குள்ள இன்னொரு சுத்து போயிட்டு வர்ற மாதிரி குட்டிக் குழாய்களா வளைச்சு வச்சிருக்காரு. மூளைன்னா அது மூளை. ஆனா எத்தனை குழாய் கூடுதலோ அத்தனை எடத்துல ஒழுகும், அதான் ரிப்பேர்காரனுக்கு கஷ்டம். எல்லா ஓட்டையையும் கையால அடச்சு, தண்ணித் தொட்டியில முக்கி, ஊதி, குமிழி வர்ற எடத்துல சாக்பீஸால கோடு போட்டோம். பதினேழு எடம்.

அதுல நாலு எடத்துல உள்பக்கம் செம்பு கலர்ல சிவந்து அரிச்சிருந்துச்சு. ஏன்னா பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும், எச்சி ஈரம் உள்ளயே தங்குனா துத்தநாகம் மட்டும் கரைஞ்சு போயிரும், பொத பொதன்னு செம்பு மிச்சம் நிக்கும். இதை எனக்கு விளக்குனது நம்ம ஊரு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு நண்பர். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலம் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நட்டு, 1953ல தெறந்த எடம் அது, உலோகம் ஏன் அரிக்குதுங்கிறதை ஆராய்ச்சி பண்ற எடம் நம்ம தெருக்கோடியில இருக்குறப்ப நான் வேற எங்க போய் கேக்குறது.

அரிச்ச எடத்துக்கு தகடு வெட்டி ஒட்டு போட்டது பாத்திரக்கடையில ஈயம் பூசுற பெரியவர். சொட்டை எடுக்குறதுக்கு லாரி பட்டறையில பழைய பேரிங் குண்டு வாங்கி, லேத்ல குடுத்து கம்பி நுனியில பத்தவச்சு, உள்ள விட்டு தேய்ச்சோம். பெரியவர் தகட்டை சூடு பண்ணி பதம் பாப்பாரு, மங்கலா சிவக்குறப்ப நிறுத்திருவாரு, அதுக்கு மேல போனா கெட்டுரும்னு சொல்வாரு. வால்வுக்குப் போடுற கார்க் கெடைக்கலைன்னு அலைஞ்சேன், கடைசியில மோட்டார் பார்ட்ஸ் கடையில கேஸ்கெட்டுக்கு வச்சிருக்குற கார்க் ஷீட்டே போதுமானதா இருந்துச்சு. வாய் வைக்கிற பீஸ் மட்டும் இல்லவே இல்ல, அது மீரட்லேருந்து தருவிச்சது, பேண்டு வாத்தியம் செய்யுற ஊரு அது.

எல்லாம் மாட்டி ஊதுனா சத்தம் வருது, ஆனா ஆர்மோனியத்தோட சேரலை. ஆறரைக் கட்டையில நிக்க வேண்டியது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவுல நிக்குது. ரெண்டு நாள் தூக்கமே வரலை, எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன். தப்பு இல்ல. அந்த காலத்து இங்கிலீஷ் பேண்டுக்கு சுருதியே ஒசத்தி, இப்ப செகண்டுக்கு 440 அதிர்வுன்னு வைக்கிற எடத்துல அவங்க 452 புள்ளி அஞ்சு வச்சாங்க, 1960கள் வரைக்கும் அப்படித்தான். பதினெட்டு அடி குழாய்க்கு கணக்கு போட்டா பதினஞ்சு சென்டிமீட்டர் நீளம் பத்தலை. சுருதி சேக்க இழுக்குற வளைஞ்ச குழாய், அதான் பெரிய ஸ்லைடு, அதுல ரெண்டு காலு இருக்கு, காலுக்கு ஏழரை சென்டிமீட்டர்னு ரெண்டு துண்டு குழாய் செஞ்சு நடுவுல சொருகினோம், பத்தவைக்கலை, எப்ப வேணாலும் கழட்டிரலாம். பழைய குழாயை வெட்ட எனக்கு சம்மதம் இல்ல.

போன மாசம் ஆச்சி வீட்டு வளவுல வச்சு ஊதுனேன். மொத சுரம் அடியில சா, மூச்சு முழுசா எறக்கி. பட்டாலையில மாட்டியிருந்த கண்ணாடி படமெல்லாம் சட்டத்துக்குள்ள நடுங்குச்சு. ஆச்சி தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அப்புறம் கையை எடுத்து தூண்லயே உள்ளங்கையை விரிச்சு வச்சாங்க, "தம்பி, மரத்துல கேக்குது"ன்னாங்க.

எடைக்கு குடுக்குற பேச்சு அதோட நின்னுச்சு. வர்ற தையில பேரன் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இதுதான் முன்னாடி போகணும்னு சொல்லிட்டாங்க. மூணாவது வால்வு ஸ்பிரிங் இன்னும் மெத்துனு இருக்கு, அதுக்குள்ள மாத்தணும், மதுரைக்கு சொல்லி அனுப்பியிருக்கேன். வணக்கம்.