மூன்று குப்பிகளும் ஒரு வெள்ளைப் பொடியும்: நீலம் போனால் நஞ்சும் போய்விடுமா?

வணக்கம். பாறசாலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். களியக்காவிளைப் பக்கத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கும் அண்ணன் ஒருவர், போன காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "வெயிலில் வைத்தால் நஞ்சைச் சிதைக்கும் பொடி ஒன்று உண்டு என்றாயே, மருந்து அடித்த டப்பாவைக் கழுவிய தண்ணீரில் அதைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?" இரண்டு வாரமாக இந்த ஒரு கேள்வியோடுதான் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பொடியின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் அந்நியமாகத் தோன்றினாலும் பொருள் நம் கடற்கரையைச் சேர்ந்தது. மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவறாவிலும் அள்ளப்படும் கருமணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமம், இரும்பும் டைட்டானியமும் கலந்த ஆக்சைடு; அதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்த பிறகு கிடைப்பதே சுவருக்கு அடிக்கும் பெயின்டில் இருக்கும் இந்த வெள்ளை. கந்தக அமிலத்தைக் கொண்டு பிரிக்கும் பழைய முறையில் அமிலக் கழிவுநீரும் சேர்ந்தே உண்டாகிறது என்பதையும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொடி பற்றிய பேச்சு என்பதால், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொடியின் மேல் வெளிச்சம் பட்டால் என்ன நடக்கிறது என்பதை உலகம் கவனித்தது 1972-இல், ஜப்பானின் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். பொடியின் அனடேஸ் என்ற வகையில் ஓர் எலெக்ட்ரானை அது இருக்கும் இடத்திலிருந்து கிளப்பிவிட 3.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதாவது, ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். கிளம்பிய எலெக்ட்ரான் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அது விட்டுப்போன காலியிடமான 'துளை' தண்ணீர் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து, ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற, ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுத் துண்டை உண்டாக்குகிறது. எதிரில் வரும் கரிமச் சேர்மம் எதுவாயினும் பாய்ந்து கடிக்கும் குணம் அதற்கு. கடைசிவரை கடித்து முடித்தால், மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சில உப்புகளும்தான். பொடி தீர்ந்துபோவதில்லை, அதனால்தான் அதை ஒளிவினையூக்கி என்கிறோம். ஆனால் கிளம்பிய எலெக்ட்ரான்களில் பெரும்பகுதி எந்த வேலையும் செய்யாமல் பழைய இடத்துக்கே திரும்பி விழுந்துவிடுகிறது. வெயிலிலும் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடுதான்.

கேமராவை இந்தக் குப்பிகளின் பக்கம் திருப்புகிறேன். நஞ்சுக்குப் பதிலாக, சிதைவதைக் கண்ணால் பார்க்க, வண்ணமீன் கடையில் மீனுக்கு மருந்தாக விற்கும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை மூன்றிலும் சில சொட்டுகள் விட்டிருக்கிறேன். முதல் குப்பியில் சாயமும் பொடியும் இருக்கின்றன. அது வெயிலில் நிற்கிறது. இரண்டாவதிலும் அதேதான், ஆனால் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறேன். மூன்றாவதில் சாயம் மட்டும், அதுவும் வெயிலில். இரண்டாவது குப்பி இல்லாவிட்டால், சாயம் சிதைந்ததா அல்லது பொடியின் மேல் ஒட்டிக்கொண்டு கண்ணை ஏமாற்றியதா என்று தெரியாது. மூன்றாவது இல்லாவிட்டால், வெறும் வெயிலிலேயே சாயம் எவ்வளவு வெளிறும் என்பது தெரியாது.

முதல் தடவை தோற்றுப்போனேன். பெயின்டுக் கடையில் வாங்கிய பொடியைப் போட்டு நாள் முழுவதும் காத்திருந்தும் நீலம் கொஞ்சம்கூட அசையவில்லை. காரணம் பிறகுதான் பிடிபட்டது. பொடி தன் வேலையைச் செய்தால் பெயின்டின் பசையையே தின்றுவிடும், சுவர் சுண்ணாம்பாக உதிரும். ஆகவே பெயின்டுக்கான பொடியின் துகள்கள்மேல் அலுமினா, சிலிக்கா போன்றவற்றைப் பூசி அதன் பல்லைப் பிடுங்கித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். இந்தத் தடவை போட்டிருப்பது பூச்சில்லாத அனடேஸ். ஆக்சிஜன் குறையாமல் இருக்க மீன் தொட்டிக் காற்றுக்குழாயையும் விட்டிருக்கிறேன். இந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. நான் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் கொட்டினேன்.

மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. முதல் குப்பி மோர்த் தண்ணீர் போல வெளுத்திருக்கிறது. இரண்டாவதில் நீலம் சற்றே குறைந்து, அடியில் படிந்த பொடி நீலமேறிக் கிடக்கிறது. அது ஒட்டிக்கொண்ட சாயம். மூன்றாவது லேசாக வெளிறியதோடு சரி. மெத்திலீன் புளூவுக்கு இன்னொரு கள்ளத்தனமும் உண்டு: ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது சிதையாமலேயே நிறமற்ற வடிவத்துக்கு மாறி ஒளிந்துகொள்ளும், காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகும். அதற்காகவே முதல் குப்பியை நன்றாகக் குலுக்கிப் பார்த்தேன். நீலம் திரும்பவில்லை.

ஆகவே சாயம் உடைந்திருக்கிறது. கடைசிவரை உடைந்ததா என்பதை, தண்ணீரில் மிஞ்சியிருக்கும் கரிமக் கார்பனை ஆய்வகத்தில் அளந்தால்தான் சொல்ல முடியும். அண்ணனின் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. மாலத்தியான் போன்ற பூச்சி மருந்துகளில் பாஸ்பரசோடு கந்தகம் இணைந்திருக்கிறது. ஆக்சிஜனேற்றம் தொடங்கியதும் அந்தக் கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து மாலாக்சான் உருவாகலாம். அது மாலத்தியானைவிடக் கடுமையான நஞ்சு. தொடர்ந்து வெளிச்சமும் நேரமும் கொடுத்தால் அதுவும் உடையும் என்பது உண்மைதான். ஆனால் மேகம் மூடிய ஒரு மத்தியானத்தில் பாதியில் நின்றுபோனால், தொடங்கியதைவிட மோசமான தண்ணீர் நம் கையில் இருக்கும். மருந்துக்கு நிறமும் இல்லை, நின்ற இடத்தைக் கண்ணால் பார்க்க. ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆய்வு நிலையத்தில், பூச்சிக்கொல்லி கலந்த நீரை வெயிலைக் குவிக்கும் பளபளப்பான தகடுகளுக்கு நடுவே கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டு, அடிக்கடி அளந்து பார்த்துத்தான் சிதைத்தார்கள். அது குப்பியில் நடக்கும் காரியம் அல்ல.

ரப்பர் பாலில் ஷீட்டு அடிக்கும்போது வெளியேறும் கழிவுத் தண்ணீருக்கு இது ஆகுமா என்றும் சிலர் கேட்பார்கள். ஆகாது, பால்போலக் கலங்கிய தண்ணீரில் ஒளி ஒரு விரற்கடைகூட இறங்காது. ஏற்கெனவே வடிகட்டித் தெளிந்த நீரில் மிஞ்சியிருக்கும் சொற்ப நஞ்சை எடுப்பதற்கே இந்த முறை பொருந்தும். தெளிந்த நீரில்கூட வேலை முடிந்தபின் நுண்பொடியைத் திரும்பப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. நேற்று கலக்கிய குப்பி ஒன்று இன்னும் கலங்கலாகவே நிற்கிறது.

அண்ணே, டப்பா காலியானதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, அதைத் தெளிப்பானுக்குள்ளேயே ஊற்றிவிடுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்து, அந்தத் தண்ணீரை மருந்துக் கரைசலோடு சேர்த்து அதே வாழைக்கே அடித்துவிடுங்கள். கழுவிய தண்ணீர் என்று தனியாக ஒன்று மிஞ்சாது, ஓடைக்கும் போகாது.