ஆர்எக்ஸ் 100-க்கு புது வண்டி அலாய் வீல் ஏறுமா?

சரி, அடுத்த கேள்வி. கே.ஆர்.புரத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணா, அப்பா ஓட்டின 94 மாடல் ஆர்எக்ஸ் 100 இருக்கு. சிவாஜிநகர் குஜிரில, அந்த பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல, ஒரு புது வண்டியோட அலாய் வீல் ரெண்டும் டிஸ்க்கோட பாத்து வெச்சிருக்கேன். அப்படியே மாட்டிடலாமா? ட்யூப்லெஸ் ஆயிடும்ல?"

ஆகும் தம்பி. ஆனா அந்த "அப்படியே"ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடு. வீல் ஏறிடும், லேத் இருந்தா எதுவும் ஏறும். ஏறினது எதப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்கறதுதான் விஷயம்.

மொதல்ல ஆக்ஸில், அதாவது வீலுக்கு நடுவுல போற கம்பி. உன் ஆக்ஸில் என்ன தடிமன், அந்த வீல்ல இருக்கற பேரிங் ஓட்டை என்னன்னு வெர்னியர் வெச்சு அள. கண்ணால பாத்துட்டு "ஒரே மாதிரிதான்ணா இருக்கு"ன்னு வராத. பேரிங் மேலயே நம்பர் போட்டிருக்கும். உதாரணத்துக்கு வீல்ல 6002 இருக்குன்னு வெச்சுக்க. அது உள்ள 15, வெளிய 32, அகலம் 9 மில்லி. உன் ஆக்ஸில் 12-ன்னா 6201 வாங்கு. அதுக்கும் வெளிய 32தான், ஹப்புல, அதாவது வீலோட நடுப்பகுதில, கரெக்டா உக்காரும், உள்ள 12. ஆனா அகலம் 10. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லி வெளிய தள்ளி நிக்கும், அதனால பேரிங்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல வர்ற வெளிப்பக்க ஸ்பேசர அந்த அளவுக்கு கடையணும். நெறைய பேர் இத விட்டுடறாங்க, அப்புறம் வீல் ஃபோர்க்குக்குள்ள போக மாட்டேங்குதுன்னு ஃபோர்க்க விரிக்கறாங்க!

போன மாசம் ஒரு வண்டி வந்துச்சு, முன்னாடி கடகடன்னு ஆடுது. கழட்டினா, பேரிங் ஓட்டை பெருசு, ஆக்ஸில் சின்னது, நடுவுல கூல்டிரிங்க்ஸ் டின்ன வெட்டி ரெண்டு சுத்து சுத்தி சொருகியிருக்காங்க. தகரம் நசுங்கி கறுப்பா பொடிப்பொடியா கொட்டுது. டின்னுல இருந்த ஆரஞ்சு கலர் பெயிண்ட் மட்டும் போகல. யார் பண்ணாங்கன்னு நான் கேக்கல, கேட்டு என்ன ஆகப்போகுது.

ரெண்டாவது, வெளிய தெரியாத ஸ்பேசர். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஹப்புக்குள்ள ஒரு பைப் இருக்கும். நட்ட இறுக்கும்போது அந்த அழுத்தத்த தாங்கறது அந்த பைப்தான். அது கொஞ்சம் குட்டையா இருந்தாலும் பேரிங்கோட உள்வளையம் ரெண்டும் ஒண்ண நோக்கி ஒண்ணு இழுபட்டு, குண்டுக்கு பக்கவாட்டுல லோடு விழும். நட்ட இறுக்கினா வீல் சுத்தல, லூசா விட்டா நல்லா சுத்துதுன்னு யாராவது சொன்னா, எனக்கு வேற எதுவும் பாக்கவேண்டாம், மொதல்ல அந்த பைப்பத்தான் சந்தேகப்படுவேன். நட்ட லூசா விட்டு ஓட்டற ஆளும் இருக்காங்க, சாமி புண்ணியத்துல வீடு போய் சேர்றாங்க. 6201 போட்டா பைப் நீளம் அதே நீளம், ஓட்டை மட்டும் 12 ஆகணும். பழைய 15 பைப்பையே போட்டா அது உள்வளையத்து மேல சரியா உக்காராது.

இப்ப பிரேக். எனக்கு உண்மையான பயம் இங்கதான். உன் வண்டில முன்னாடி 130 மில்லி டிரம். ஃபோர்க் கால்ல ஒரு முட்டு இருக்கும், டிரம்ம மூடற பிரேக் பிளேட்டுல அதுக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதுல இது மாட்டிக்கும். பிரேக் புடிக்கும்போது பிளேட் வீலோட சேந்து சுத்தாம நிக்கறது அந்த முட்டாலதான். வேற வண்டி டிரம் வீல் போட்டா அதோட பிளேட்டுல அந்தப் பள்ளம் வேற எடத்துல இருக்கும், இல்ல அகலம் வேறயா இருக்கும். முட்டுல மாட்டாம சும்மா உரசிட்டு இருந்துச்சுன்னா, ஒருநாள் நல்லா அழுத்திப் புடிக்கும்போது பிளேட்டும் சேந்து சுத்தி, கேபிள இழுத்து, முன் வீல் லாக். ஹோசூர் ரோட்டுல பின்னாடி லாரி வரும்போது அது ஆச்சுன்னா நான் சொல்ல வேண்டியதில்ல.

டிஸ்க்னா இன்னும் ஒரு படி மேல. உன் ஃபோர்க்குல, டிஸ்க்க கவ்விப் புடிக்கற காலிப்பர் மாட்ட எடமே கெடையாது. ஃபோர்க்கோட கீழ்க்கால் அலுமினியம், அதுல பட்டி வெல்டிங் பண்ணி காலிப்பர் தொங்கவிடறேன்னு எவனாவது சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடு. டிஸ்க் வேணும்னா டிஸ்க்குக்குன்னே செஞ்ச முழு ஃபோர்க் செட்டா மாத்தணும், ஃபோர்க்க புடிச்சுக்கற மேல கீழ டி-யோட. ஸ்பீடோமீட்டர் கியர் வேற உன் பழைய பிரேக் பிளேட்டுல இருக்கு, அதுவும் போயிடும்.

பின்னாடி வேல கம்மி. செயின் ஸ்ப்ராக்கெட் நேர்ல வருதான்னு நூல் புடிச்சுப் பாரு, பின் பிரேக் பிளேட் சுத்தாம புடிச்சுக்கற டார்க் ராட் மாட்டற எடம் இருக்கான்னு பாரு. ஸ்ப்ராக்கெட் வெலகி நின்னா வீல ஒரு பக்கம் தள்ளாத, ஸ்ப்ராக்கெட் உக்கார்ற எடத்த கடஞ்சு சரிபண்ணு.

டயர்ல ஒரு கணக்கு. "17 இஞ்ச் போட்டா வண்டி எறங்கிடும்"னு சொல்வாங்க. உன் பின் டயர் 2.75-18, மொத்த உயரம் கிட்டத்தட்ட 59.7 சென்டிமீட்டர் வரும். 17-ல 100/90 போட்டா 61.2. எறங்கல, ஏறுது! 90/90-17 போட்டா 59.4, பழசுக்கு ரொம்ப பக்கம். 98 சிசி இன்ஜினுக்கு அது போதும், அகலத்த ஏத்தி பிக்கப்ப கொல்லாத.

ஆர்டிஓ விஷயம் சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு மாத்தறதுக்கு கட்டுப்பாடு வெச்சிருக்கு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஜெயில்கூட எழுதியிருக்கு. உன் 94 வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்க கொண்டுபோய் நிறுத்தியாகணும், அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கண்ணுல முதல்ல படறது டிஸ்க்குதான்.

நானா இருந்தா என்ன பண்ணுவேன்? உன் பழைய ஹப்பையே வெச்சுப்பேன். ஓட்டை எண்ணி அதே எண்ணிக்கைல புது அலுமினியம் ரிம் வாங்கி, புது ஸ்போக்ஸ் கட்டி, பெண்டு எடுத்து போடுவேன். ட்யூப்லெஸ் ஆகாது, ஒத்துக்கறேன். ஆனா நம்ம பெங்களூரு பள்ளத்துல விழுந்தா ரிம்ம மறுபடி பெண்டு எடுத்துக்கலாம். அலாய் விரிசல் விட்டா வெல்டிங் வெச்சு ஓட்டவே கூடாது, தூக்கித்தான் போடணும்.

அலாய்தான் வேணும்னு அடம்புடிச்சா, டிஸ்க்க மறந்துட்டு டிரம் வீலா தேடு. ஞாயித்துக்கெழம முன் பிரேக் பிளேட்டையும் ஆக்ஸிலையும் கழட்டி பைல போட்டுட்டு குஜிரிக்குப் போ. அங்க நின்னே மாட்டிப்பாரு, அதுக்கப்புறம் பணத்த எடு.