வீட்டின் நலம் காப்பது கடைப்பொருளா, கைப்பழக்கமா? – ‘கைப்பழக்கமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, எங்கள் அணித் தோழர்களே, தொலைக்காட்சித் தொடரைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பட்டியல் வாசித்தார். தரை துடைக்க ஒரு பாட்டில், கழிவறைக்கு ஒரு பாட்டில், கொசுவுக்கு ஒரு திரவம், காற்றைச் சுத்தமாக்கக் கூடத்தில் நான்கு பூந்தொட்டிகள். இவை இருந்தால் நோய் வாசலோடு திரும்பிவிடும் என்றார். பட்டிமன்றத்துக்கு வந்திருக்கிறோமா, மளிகைக் கடையில் மாதச் சாமான் எழுதிக்கொண்டிருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் என் வீட்டிலும் இருந்தன ஐயா. அதனால்தான் இந்த அணியில் வந்து நிற்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை. என் மகளுக்குக் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்துவந்தோம். மறுநாள் காலை, கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஓர் அம்மா கையில் டார்ச் விளக்கோடு வந்தார். “எங்கள் வீட்டில் கொசுவுக்கு இடமே இல்லையம்மா” என்று பெருமையாகச் சொன்னேன். படுக்கையறையில் திரவ மருந்து, கூடத்தில் கொசுவத்திச் சுருள், அடிக்க ஒரு மட்டை, பிள்ளைக்குத் தடவக் களிம்பு என்று எல்லாவற்றையும் காட்டினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் கீழே இருந்த தட்டில் விளக்கை அடித்தார். இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின.

“இதை எப்போது கழுவினீர்கள்?” என்று கேட்டார்.

ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நடுவர் அவர்களே, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணீரைத்தான் தேடுகிறது. பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாம் அதற்குப் பிரசவ வார்டு. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் அது பறப்பதில்லை. ஆகவே என் மகளைக் கடித்தது எங்கிருந்தோ வந்த கொசு என்று நான் ஊரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் கேளுங்கள். அது பகலில் கடிக்கும் கொசு. நான் சுருள் கொளுத்தியதோ இரவில்!

அந்தச் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. என் கணவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று உறவினர்களிடம் பெருமை பேசுபவள் நான்.

“தட்டில் தண்ணீரைக் கொட்டினால் போதுமா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “போதாது, தேய்க்க வேண்டும்” என்றார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில்தான் அது முட்டையை ஒட்டிவைக்கிறதாம். காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே வாரத்தில் ஒரு நாள், தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் கவிழ்த்து, நாரால் தேய்த்து, காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை காலை. பீர்க்கங்கூடு ஒன்று, பத்து நிமிடம். செலவு? எதிரணியினர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

அடுத்து, காற்று. நான்கு பூந்தொட்டி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும் என்றும், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவே சொல்லியிருக்கிறது என்றும் எதிரணித் தலைவர் முழங்கினார். உண்மைதான், 1989இல் ஆய்வு நடந்தது. ஆனால் நடந்தது கூடத்திலா? காற்றுப் புகாத, மூடிய கண்ணாடிப் பெட்டி போன்ற சிறு அறைகளில். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள், சில இடங்களில் 1,000 செடிகள்கூட வேண்டியிருக்கும் என்றது. வீட்டுக்குள் காடு வளர்த்துவிட்டு நாம் வாசலில்தான் படுக்க வேண்டும். செடி வையுங்கள், கண்ணுக்கு அழகு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மிளகாய் தாளிக்கும்போது எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள். ஏசி போட்ட அறையையும் காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். பாயையும் தலையணையையும் வெயிலில் போடுங்கள். ஈரம் போனால் தூசுப்பூச்சி பிழைப்பது கடினம்.

எதிரணிச் சகோதரி ஒருவர் சாமர்த்தியமாக, “இயற்கைப் பொருளும் இப்போது கடையில் கிடைக்கிறதே” என்றார். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றினால் சிங்க் அடைப்பு பறந்துவிடும் என்று கைப்பேசியில் பார்த்ததாகச் சொன்னார். நானும் பார்த்தேன், ஊற்றியும் பார்த்தேன். ஆகா, என்ன நுரை! நுரை அடங்கியதும் அடைப்பு அப்படியே இருந்தது. ஏனென்றால் ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, காற்றாகப் போனது போக, தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான் மிச்சம். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே உருப்படியான பொருள்கள். தண்ணீரில் கலந்த வினிகர், குழாயில் படியும் உப்புத் தண்ணீர்க் கறையை எடுக்கும். சமையல் சோடா பிசுக்கை எடுக்கும். அடைப்புக்கோ, வடிகட்டித் தட்டைத் தூக்கி, சோற்றுப் பருக்கையையும் காப்பித்தூள் சக்கையையும் கையால் அள்ளிப் போட வேண்டும். அதைவிட, சக்கையை அங்கே கொட்டாமலே இருந்துவிடலாம்.

கலப்பதைப் பற்றிப் பேசும்போது விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். போகிக்கு முதல் நாள் என் கணவர் கழிவறையில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, அது போதாதென்று அதன்மேல் ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஊற்றினார். இரண்டே நிமிடத்தில் இருமிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வெளியே ஓடிவந்தார். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது அதே வாயுதான். தனித்தனியே இரண்டு நல்ல பொருள்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்தோம். ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே, கதவைத் திறந்து வைத்துக் கழுவு என்ற பழக்கம் மட்டும் வீட்டில் இல்லை.

“அப்படியென்றால் பாட்டி காலத்துக்கே போகச் சொல்கிறீர்களா?” என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை ஐயா. நான் பழமைக்கு வக்கீல் இல்லை. விறகடுப்புப் புகையில் இருமியே காலம் தள்ளியவர் என் பாட்டி. குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம் வைத்து, டெட்டனஸ் என்கிற வில்வாத ஜன்னிக்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்த காலமும் இருந்தது. சாம்பிராணிப் புகையும் புகைதான். பக்தியோடு போட்டால் நுரையீரல் விதிவிலக்கு தருவதில்லை. தடுப்பூசியும் சோப்பும் வெளியிலிருந்து வந்தவைதான், கும்பிட்டு ஏற்கிறேன். ஆனால் சோப்பு பெட்டிக்குள் கிடந்தால் ஒரு கிருமியும் சாகாது. விரல் இடுக்கெல்லாம் 20 விநாடி தேய்க்கிற கை வேண்டும்.

அதே பாட்டிதான் துவரம்பருப்பை வெயிலிலும் அரிசியை நிழலிலும் உலர்த்துவார். வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கும் என்று அவருக்குத் தெரியும். காய்ந்த வேப்பிலையை டப்பாவில் போட்டு, பழைய அரிசியைத் தீர்த்த பிறகே புதிய அரிசியைக் கொட்டுவார். வண்டு வந்தால் விரட்ட ஒரு பொருள் வாங்குவதா, வண்டு வராதபடி டப்பாவைத் துடைத்துக் காயவைப்பதா? நம் சண்டை இந்த ஒரு கேள்விதான். பொருளை வாங்கி வைத்ததும் “வேலை முடிந்தது” என்று மனம் தூங்கிவிடுகிறது. ஆறு ஆண்டு நான் தூங்கியதற்கு அந்த ஃபிரிட்ஜ் தட்டே சாட்சி.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நான் பேசத் தொடங்கியதிலிருந்து எதிரணித் தலைவர் நான்கு முறை காலைச் சொறிந்துவிட்டார். என் வாதத்தின் எரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போதுதான் கவனிக்கிறேன், மேடை அழகுக்காக அவர் காலடியில் வரிசையாகப் பூந்தொட்டிகள். ஒவ்வொன்றின் தட்டிலும் தண்ணீர். இறங்கிப் போகும்போது அவற்றைக் கவிழ்த்துவிட்டுப் போகிறேன். யாராவது ஒரு நார் கொடுத்தால் தேய்த்தும் வைப்பேன். வணக்கம்.