கடற்பாலத்தின் இந்தக் கரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நாம் கூடியிருக்கும், சிங்கப்பூரின் வடபகுதியான இந்த உட்லண்ட்ஸிலிருந்து, மலாயாவையும் நம்மையும் பிரிக்கும் ஜோகூர் நீரிணை கூப்பிடு தூரம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படையெடுத்து வந்த மலாயாப் போரை இந்தக் கரையிலிருந்து பார்த்தவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1941 டிசம்பர் 8, பொழுது விடியுமுன் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. மலாயாவின் வடகிழக்குக் கோடி அது. ஆனால் அன்று அதிகாலை நான்கு மணி வாக்கில், தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்த சிங்கப்பூரின் மீதும் குண்டு விழுந்தது. 61 பேர் மாண்டார்கள்.

செய்தித்தாள்களில் தணிக்கை இருந்தது. ஆகவே மலாயாவின் நிலவரத்தை, அங்கிருந்து வந்து சேர்ந்தவர்களிடம்தான் இங்குள்ளவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பினாங்கில் ஐரோப்பியர்களைச் சத்தமில்லாமல் ஏற்றிச் சென்று, மற்றவர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற சேதி டிசம்பர் மாதமே வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கை அப்போதே செத்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. மாதக் கடைசியில் இந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அவர்களில் என் பாட்டியும் ஒருவர். அப்போது அவருக்கு எட்டு வயது. அவருடைய அப்பாவுக்கு ஜோகூர் பாருவில் ரயில்வே வேலை. அப்பா அங்கேயே தங்கிவிட, அம்மாவும் பிள்ளைகளும் தஞ்சோங் பகாரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாட்டியின் கையில் ஒரு பித்தளைச் செம்பு. அதில் அரிசி போட்டு, வாயைத் துணியால் கட்டியிருந்ததாம். ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் நல்ல வெயில். கூடவே ஓடிவந்த பெரிய தண்ணீர்க் குழாயில் ஐந்து வயதுத் தம்பி கன்னத்தை வைத்து, “குளுகுளுன்னு இருக்குக்கா” என்று நகர மறுத்தானாம். அவனை இழுத்துக்கொண்டு வருவதே பெரும்பாடாகிவிட்டது என்பார்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜோகூரின் குனோங் புலாய் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அதன் வழியாகத்தான் சிங்கப்பூருக்கு வந்தது. ஜனவரி 31 காலை, பின்வாங்கி வந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் கடந்து முடித்ததும் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுமார் 70 அடிக்குப் பிளவு. குழாயும் அதோடு போயிற்று. அதுவரை பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் இரு கரைகளாக இருந்த இடத்தில், அன்றுதான் அக்கரை, இக்கரை என்று ஆனது. அப்பா அக்கரையில்.

ஜப்பானியரை அந்தப் பிளவு அதிக நாள் தடுக்கவில்லை. பிப்ரவரி 8 இரவு அவர்கள் படகுகளில் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். தீவுக்குள்ளேயே நீர்த்தேக்கங்கள் இருந்தன. ஆனால் குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் உடைந்து, தண்ணீர் தெருவில் ஓடி வீணானது. பிப்ரவரி 15இல் புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷ் படைத்தளபதி பெர்சிவல் சரணடைந்ததற்கு இந்தத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கடைசி நாள்களில், தஞ்சோங் பகார் குழாயடியில் பாட்டி விடியுமுன் போய் வரிசையில் நிற்பாராம். கையில் அதே செம்பு. அரிசி தீர்ந்துவிட்டது. தண்ணீர் நூலாக வழிந்து, அதுவும் நின்றுவிடும். பக்கத்தில் தம்பி அழுவானாம்: “அக்கா, அந்தப் பெரிய குழாய்க்கே போயிடலாம்.”