காற்று போட்ட பாதை

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். அதை விமானத்தின் வேகத்தால் வகுத்துவிட்டால் நேரம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை: காற்றைக் கேட்காமல் பயண நேரத்தைச் சொல்ல முடியாது.

2016 வரை ஏர் இந்தியா விமானம் டெல்லியிலிருந்து மேற்கே கிளம்பி, ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக சான் பிரான்சிஸ்கோ போனது. சுமார் 13,900 கிலோமீட்டர். அந்த ஆண்டு அக்டோபரில் கிழக்கே திருப்பி, ஜப்பான், பசிபிக் வழியாக ஓட்டினார்கள். சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது; ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

காரணம், முப்பது நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது, காற்று 150 அடிக்கிறது என்று வையுங்கள். முதுகில் அடித்தால் தரைக் கணக்கில் 1,050. முகத்தில் அடித்தால் 750. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுக்கும். அதனால்தான் ஒரே ஃப்ளைட் ஜனவரியில் ஒரு நேரம், ஜூலையில் ஒரு நேரம்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். வசபுரோ ஓய்ஷி, ஜப்பான்காரர். 1920களில் டடேனோ ஆய்வகத்தில் பலூன் பலூனாக விட்டவர். அந்த வேலை எனக்குத் தெரியும். ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் அடைத்து விட்டுவிட்டு, தியோடலைட்டில், அதாவது கோணம் அளக்கும் தொலைநோக்கியில், கண்ணை வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் கோணத்தைக் குறிக்கவேண்டும். பலூன் நகர்வதை வைத்துத்தான் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவோம். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும், ஆனாலும் பார்வையை எடுக்கக்கூடாது. பலூன் தொலைந்தால் தொலைந்ததுதான். ஓய்ஷி அப்படிப் பார்த்துத்தான், ஜப்பான் மேல் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் காற்று ஓடுவதைக் கண்டார். 1926இல் அறிக்கையும் போட்டார், எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழியில். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்ற ஆசை. அந்த மொழி தெரிந்தவர்களோ கொஞ்சம் பேர். வெளிநாட்டில் அதைக் கவனித்தவர்கள் அரிது. இரண்டாம் உலகப் போரில், 1944இல், அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் மேல் அதே காற்றில் மாட்டி, போட்ட குண்டுகள் குறி தப்பியபோதுதான் அமெரிக்கர்களுக்கு அது உறைத்தது. எவ்வளவு உழைப்பு, பாருங்கள்! இன்று நம் பிள்ளைகள் அந்தக் காற்றின் முதுகில்தான் பசிபிக் தாண்டுகிறார்கள்.

திரும்பவும் சொல்கிறேன், காற்றைக் கேளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. சரி, சுருக்கமாக இரண்டு. 2017இல் முழுக்கப் பெண்களே இயக்கிய ஏர் இந்தியா விமானம் பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாகத் திரும்பியது: போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே, உலகத்தையே ஒரு சுற்று. அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் தரையில் உருண்டு ஓடுபாதைக்குப் போவதும் சேர்த்தி. அடுத்த முறை ஏறினால் எதிரே இருக்கும் திரையில் தரை வேகத்தைப் பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் காற்று உங்கள் பக்கம். வணக்கம்.