1792: ராஜா போனாலே புரட்சியா?

[காட்சி: சேலம் கோட்டைப் பகுதி, தூரத்தில் சேர்வராயன் மலை]

1792 மார்ச்சில் இந்த ஊர் கை மாறிச்சு. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க, சேலமும் பக்கத்துப் பாராமகால் பகுதியும் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போச்சு. அதே வருஷம் செப்டம்பர் 21-ல் பிரான்ஸ் முடியாட்சியையே ஒழிச்சுது. ரெண்டு இடத்திலும் ராஜா போயாச்சு. அங்கே நடந்தது மட்டும் ஏன் புரட்சி?

[திரையில்: ஜான் லாக், 1689]

இங்கிலாந்துத் தத்துவவாதி லாக், அரசாங்கம் பத்தின தன் புத்தகத்துல இதை ரெண்டு தனி அத்தியாயமா பிரிச்சுட்டார். படையெடுப்பு 16-ல், அரசு கலையறது 19-ல். படையெடுத்து ஜெயிக்கிறது வீட்டை இடிக்கிற மாதிரி. இடிச்சதாலயே புது வீடு எழும்பாது, ஜனங்களோட சம்மதம் வேணும்.

அதுக்காக, ராஜா ஒரு தப்புப் பண்ணினா உடனே கிளம்பலாம்னு அர்த்தமில்லைங்க. சின்னத் தப்புகளை ஜனங்க பொறுத்துக்குவாங்க. சட்டசபையைக் கூடவிடாம தடுக்கிறது, தேர்தல் முறையைத் தன்னிஷ்டத்துக்கு மாத்துறதுன்னு அத்துமீறல் ஒரே நோக்கத்தோட தொடர்ந்தா, அரசு தானாவே கலைஞ்சுடுது. அப்போ கலகக்காரன் ராஜாதான்!

[திரையில்: இம்மானுவேல் காண்ட், 1797]

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் இதை ஒத்துக்கவே மாட்டார். ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் வழக்குன்னா நீதிபதி யாரு? ஜனங்களேன்னா, தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு. 1793 ஜனவரி 21-ல் பிரான்ஸ் ராஜா 16-ம் லூயியோட தலை போச்சே, அது அவருக்குக் கொலையை விட மோசம். கொலைகாரன் சட்டத்தை மீறுறான், அவ்வளவுதான். விசாரணை நடத்திக் கொன்னா, மீறலே சட்டமாயிடுது.

வேடிக்கை என்னன்னா, பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரும் விசாரணை வேண்டாம்னார், நேர் எதிர்க் காரணத்துக்காக. விசாரிச்சா லூயி நிரபராதியா இருக்கலாம்னு ஆகும், அப்புறம் புரட்சிதானே குற்றவாளி?

எது சறுக்குதுன்னா, இடிக்கிறதுக்கும் கட்டுறதுக்கும் நடுவுல இருக்கிற காலம். இங்கிலாந்து 1649-ல் ராஜாவைக் கொன்னு, 1660-ல் அவர் மகனையே கூட்டிவந்துச்சு. பிரான்ஸில் 1804-ல் நெப்போலியன் சக்கரவர்த்தி.

[காட்சி: மறுபடி சேலம், மலையடிவார வயல்கள்]

இங்கே கும்பெனியோட கலெக்டரா வந்தவர் அலெக்சாண்டர் ரீட். நிலத்தை அளந்து, ரயத்துகிட்ட, அதாவது உழவன்கிட்ட, நேரடியா தீர்வை (நில வரி) வாங்க ஆரம்பிச்சார். கும்பெனிக்கு அந்த ரயத்து கட்டணுமா? புது ஆட்சி நிலைச்சுட்டா கீழ்ப்படியறது கடமைங்கிறார் காண்ட். லாக் கணக்கே வேற: நியாயமான போர்ல ஜெயிச்சவனுக்கே எதிர்த்துச் சண்டை போட்டவன் மேலதான் அதிகாரம். ரயத்து ஏர் ஓட்டிக்கிட்டிருந்தான்.