பொன்னாடை போடுங்கள், கூடவே அடுத்த நர்சையும் போடுங்கள்

நடுவர் அவர்களே, அரூர் பெரியோர்களே, வணக்கம். ஓய்வு பெறும் ஊழியருக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை பாராட்டு விழாவா, அவர் செய்த வேலை தொடர வழி செய்வதா என்பது தலைப்பு. நான் வேலை தொடர வேண்டும் என்கிற அணி. சித்தேரி மலையில் இத்தனை காலம் கிராம சுகாதார செவிலியராக இருந்து, 60 வயது முடிந்து இந்த மாதக் கடைசியில் விடைபெறும் நம்ம நர்சம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டேதான் பேசுகிறேன்.

எதிரணி அக்கா கேட்டார், மாலை போட்டு நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறை என்று. ஒரு குறையும் இல்லை அக்கா, மனசாரப் போடுங்கள். அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி மலையில் யார் இருப்பார்கள்? பக்கத்து நர்சுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள், அவருக்கோ சொந்த ஊர்களுக்கே நேரம் போதாது.

மலைப்பகுதியில் 3000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அந்தப் பேரெல்லாம் ரெஜிஸ்டரில் இருக்கும், சரி. சத்து மாத்திரையை வாங்கிப் பரணில் போட்டுவிடும் பெண் யார், எந்த வீட்டில் மாமியாரிடம் பேசினால்தான் மருமகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், எந்தக் குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் பிள்ளைக்கு 14-ஆவது வாரத் தடுப்பூசி நின்றுபோனது, இதெல்லாம் இந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பெண் சிசுவைக் கொன்ற கொடுமையைப் பார்த்த மாவட்டம் இது. வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டில் வைத்தது அரசு. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டு வாசலில் தினமும் போய் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளையை எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்தது இவரைப் போன்ற நர்சுகள்தான். அப்படிப் பிழைத்த பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறார்கள்!

அதனால் எங்கள் அணி கேட்பது ஒன்றுதான். இவர் கிளம்புவதற்குள் புது நர்சு வர வேண்டும், மீதி இருக்கிற நாளில் இவரோடு வீடு வீடாக நடக்க வேண்டும், "இனிமேல் இவங்கதான்" என்று இவர் வாயாலேயே அந்த மாமியார்களிடம் சொல்ல வேண்டும். வட்டார மருத்துவ அலுவலர் இந்த மேடையிலேயே இருக்கிறார். நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள்.